யாரும் தொடாத கம்பி

காரணம் இன்னதென்று தெரிந்திருந்தும் ஏழு வாரம் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? மூன்றரை வருஷமாகிறது, இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. பெரியவர்களுக்கு அடங்கிய மருமகளாக இருந்தேனா, அல்லது அந்த டிரான்சிஸ்டர் எரிந்து போனால் எனக்கு ஓர் அறை கிடைக்கும் என்று காத்திருந்தேனா? ஒரு நாள் முதலாவது சரியென்று படுகிறது. மறுநாள் காலையில் பால் காய்ச்சும்போது இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

என் கணவர் தொலைபேசி இலாகாவில் வேலை பார்க்கிறார். பகலெல்லாம் ஊரார் பேசுவதற்கு வழி செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தாம் பேச ஆரம்பிப்பார். என்னோடு அல்ல. அமெச்சூர் ரேடியோ என்று ஒன்று இருக்கிறது. பரீட்சை எழுதி அரசாங்க உரிமம் வாங்கியவர்கள் தாங்களே ஓர் ஒலிபரப்புப் பெட்டி செய்து, எங்கோ இருக்கும் இன்னொரு உரிமக்காரரோடு பேசலாம். என்னதான் பேசிக்கொள்வீர்கள் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"நான் பேசறது உங்களுக்குக் கேக்கறதான்னு கேப்பேன்" என்றார்.

"அதுக்கு அவா?"

"கேக்கறதும்பா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஓர் அறை. மாமனாருக்குக் கோயில் கைங்கரியம். விடியற்காலையில் போனால் வெயில் ஏறித்தான் வருவார். அறை எங்களுக்கு என்றுதான் கல்யாணத்தின்போது சொன்னார்கள். குழந்தை பிறந்து நான் பிறந்தகத்திலிருந்து திரும்பியபோது, அந்த அறையில் ஒரு பெரிய மேஜையும், அதன்மேல் மூடியில்லாத பெட்டியும், தரையெல்லாம் கம்பித் துண்டுகளும் இருந்தன. தூளியைக் கூடத்தில் கட்டியிருந்தார்கள். கூடத்தில்தான் எல்லாரும் நடப்பார்கள், வருகிறவர்கள் உட்காருவார்கள், பிரசாதப் பாத்திரம் வைப்பார்கள். குழந்தை தூங்கிய மறு நிமிஷம் யாராவது செம்பைக் கீழே போடுவார்கள். பால் கொடுப்பதற்கு நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் சாத்தக்கூடிய ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு டிரான்சிஸ்டர் குடியிருந்தது.

அந்த அறையிலிருந்து வெளியேற்றப்பட்டது நான் மட்டுமல்ல. அங்கே உத்தரத்திலிருந்து ஒரு மூங்கில் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. மாமனார் கோயிலுக்கு உடுத்திப் போகும் வேஷ்டியும் மாமியாரின் மடிப்புடவையும் அதில்தான் உலரும். மடித்துணியை, குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்பவர்தான் உலர்த்த வேண்டும், அதுவும் கையால் அல்ல, நீளமான கோலால். வேறு யார் கை பட்டாலும் மடி போய்விடும். குழந்தை நாளுக்குப் பத்துத் தடவை மடியை நனைக்கிற என் போன்றவள் அந்தப் பக்கம் மூச்சுக்கூட விடக்கூடாது. மேஜைக்கு மேலே ஈரம் சொட்டுகிறது என்று என் கணவர் அந்தக் கொடியை அவிழ்த்துவிட்டார்.

பிறகு ஏரியல் கட்டினார். மொட்டைமாடியில் ஒரு மூங்கிலை நட்டு, அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிவாகச் செப்புக் கம்பி இழுத்தார். ஒரு முனை வாசல் வேப்பமரத்தில். மற்றொன்று கொல்லையில், கிணற்றைத் தாண்டி முருங்கை மரத்தில். கட்டி முடித்ததும் எல்லாரையும் கூப்பிட்டு உத்தரவு போட்டார்.

"இந்தக் கம்பியை யாரும் தொடக்கூடாது."

"யாருமேவா?" என்றார் மாமியார்.

"யாருமேம்மா."

"வாசல் தெளிக்க வர்றவ?"

"அவளும்தான்."

"குழந்தை துணி கிணி?"

"காக்கா உக்காந்தாக்கூட எனக்குப் பிடிக்காதும்மா."

மாமியார் கழுத்தை நிமிர்த்திக் கம்பியைப் பார்த்தார். கைக்கு எட்டாத உயரம். கோலுக்கு எட்டும் உயரம். நல்ல வெயில். யாரும் தொடாதது. மறுநாள் காலை ஆறு மணிக்கு மாமனாரின் வேஷ்டியும் ஒன்பது கஜம் புடவையும் ஈரம் சொட்டச் சொட்ட அந்தக் கம்பியில் உலர்ந்தன.

கணவருக்கு இது தெரியவே தெரியாது. ஐந்தரைக்கே குளித்துவிட்டு அறைக்குள் போனால் எட்டு மணிக்குத்தான் வெளியே வருவார். சாப்பிட்டுவிட்டு வாசல் வழியாக ஆபீஸ் போய்விடுவார். பதினொரு மணிக்குத் துணி காய்ந்ததும் மாமியார் கோலாலேயே எடுத்துச் சமையலறைக்குள் ஒரு முழ நீளக் கொடிக்கு மாற்றிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகூட என் கணவர் கண்ணில் அது பட்டதாகத் தெரியவில்லை. துணி உலர்வதை ஆண்கள் பார்ப்பதில்லை. மடித்துப் பெட்டிக்கு வந்த பிறகுதான் அது அவர்களுக்குத் துணி.

பால்காரம்மா பார்த்தாள். "இன்னாம்மா இது, கரண்டு ஒயர்ல சாமி வேட்டி காயுது? ஷாக்கு கீக்கு அடிச்சிடப் போவுது."

"கரண்ட் இல்லம்மா, ரேடியோ" என்றேன்.

"ரேடியோவா? அப்போ வேட்டி பாட்டுப் பாடுமா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

முதல் டிரான்சிஸ்டர் இரண்டாவது வாரத்தில் போயிற்று. இரண்டு மூக்குத்தி போன்ற கால்களுடன் ஒரு சின்ன உலோகத் தொப்பி, அவ்வளவுதான். அதுதான் குரலுக்குக் கடைசியில் பலம் சேர்த்து ஏரியலுக்கு அனுப்புகிற சாமான் என்று சொல்லியிருந்தார். பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் சூடேறி, தொட்டால் கை பொறுக்காமல், பிறகு ஒரேயடியாக அணைந்தது. இரண்டாவதைப் பொருத்தினார். அடியில் வைக்கிற மைக்காத் தகட்டைப் புதிதாக வெட்டிப் போட்டார். வெள்ளைப் பசை தடவினார். விரலின் பின்பக்கத்தை அதன்மேல் வைத்து வைத்துப் பார்த்தார். நான் குழந்தையின் நெற்றியில் வைத்துப் பார்ப்பது போலவே. அந்த வாரம் குழந்தைக்கும் ஜுரம்தான். "பல் முளைக்கறதுக்கான சூடு, தானா இறங்கிடும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, டிரான்சிஸ்டருக்கு விசிற என் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு விஷயம் அவரைக் குடைந்தது. மாலையில் சோதித்தால் சூடாவதில்லை. ஏரியலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டிச் சோதித்தாலும் சூடாவதில்லை. விடிகாலைக் குளிரில்தான் காய்கிறது. "சாயங்காலப் புழுக்கத்துல ஜில்லுனு இருக்கு, குளிர்ல கொதிக்கறது. உலகத்துலயே இப்படி ஒரு டிரான்சிஸ்டர் கிடையாது" என்று மாய்ந்து போனார்.

நான் பி.எஸ்சி. பௌதிகம் படித்தவள். அதிலும் ஒன்றும் பிரமாதமான மார்க்கு வாங்கிவிடவில்லை. ஆனால் நீளம் பார்த்து அளந்து கட்டிய கம்பியின் முனையில் பத்துப் படி தண்ணீரைத் தொங்கவிட்டால் அது பழைய கம்பியாக இராது என்பதற்கு முதல் வகுப்பு வேண்டியதில்லை. அனுப்புகிற சக்தியைக் கம்பி வாங்கிக்கொள்ளாவிட்டால் அது எங்கே போகும்? புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, அனுப்பியவனைச் சுடும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். மாமியார் கோலால் புடவையை விரித்தார். விரித்து முடிக்கவும் அறைக்குள்ளிருந்து "சுடறது! மறுபடியும் சுடறது!" என்று குரல் வந்தது. அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அம்மாவிடம் போய்ச் சத்தம் போடுவார். மருமகள்தான் மூட்டிவிட்டாள் என்றாகும். அதுகூடப் பரவாயில்லை. அந்த வேஷ்டியின் வழியாக ரேடியோ போயிற்று என்று தெரிந்தால், இத்தனை நாள் அதை உடுத்திச் செய்த கைங்கரியம் என்னாவது என்று மாமனார் கலங்கிப் போவார். ரேடியோ பட்டால் மடி போகுமா? சாஸ்திரத்தில் இருக்குமா? இல்லாத ஒரு கவலையை அந்த வயதில் அவருக்கு நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? ஒருவேளை நான் நினைப்பதே தப்பாக இருந்தால்? இப்படியெல்லாம் நியாயம் பார்த்தேன். ஒவ்வொரு நியாயமும் உண்மைதான். அத்தனை நியாயங்களுக்கும் அடியில் தூளி கட்டுவதற்கு ஏற்ற ஓர் உத்தரம் என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

நடுவில் மாமனாரும் மாமியாரும் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் காஞ்சிபுரம் போனார்கள். மூன்று நாளும் டிரான்சிஸ்டர் சமர்த்தாக இருந்தது. முதல் நாள் அவர் ஒரு ரெசிஸ்டரை மாற்றியிருந்தார். அதுதான் காரணம் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டார். நாலாம் நாள் காலை மடித்துணி திரும்பியது. இரண்டாவது டிரான்சிஸ்டர் போயிற்று. அடிக்கோட்டின்மேல் குறுக்குக்கோடு போட்டார்.

குழந்தைக்கு ஊசி போட சுங்குவார்சத்திரம் போனபோது, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த ரேடியோ ரிப்பேர் கடைக்குள் அவர் நுழைந்தார். நானும் குழந்தையோடு நின்றேன். கடைக்காரர் வாயில் பீடியோடு முழுக் கதையையும் கேட்டார்.

"காத்தால மட்டும்தான் சூடாவுதா சார்?"

"காலையில மட்டும்தான்."

"சாயங்காலம் இன்னா பண்ணாலும் ஆவல?"

"ஆகலை."

"அப்போ சாமானுல ஒண்ணும் கோளாறு இல்ல சார். காத்தால உங்க வூட்ல இன்னா நடக்குதோ அத்த போய்ப் பாரு."

என் கணவர் சிரித்தார். வெளியே வந்ததும், "பாவம், தியரி தெரியாது. அனுபவத்துல ஏதோ ஓட்டறார்" என்றார். குழந்தை ஊசி போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதது. நான் அதைச் சமாதானப்படுத்துவதில் மும்முரமாக இருந்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு மும்முரமாக நான் எதையும் செய்ததில்லை.

மூன்றாவது டிரான்சிஸ்டர் மெட்ராஸ் நண்பர் ஒருவரிடம் இருந்து வந்தது. அந்த ரகத்தில் அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான். அதைப் பொருத்திய அன்று கணவர் என்னிடம் வந்து, "இதுவும் போச்சுன்னா பிரிச்சு மூட்டை கட்டிடறேன். உரிமத்தையும் திருப்பிக் கொடுத்துடறேன். நீ தூளியை உள்ளே கட்டிக்கோ" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். நான் வருத்தமாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மனதுக்குள் அளவெடுத்துவிட்டேன்: தூளி இங்கே, என் பெட்டி அங்கே, ஜன்னலுக்கு ஒரு திரை.

பத்து நிமிஷம் பேசிவிட்டு, சூடேறியதும் அணைத்துவிட்டு, ஆறியதும் மறுபடி பேசி, மூன்றாவதை எப்படியோ உயிரோடு வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பால் காய்ச்சும் பாத்திரத்தின் அலுமினிய மூடியைத் தேடிக்கொண்டு அறை வாசலுக்குப் போனேன். பெட்டிக்குள்ளிருந்து, இரைச்சலுக்கு நடுவில், மெட்ராஸ்காரர் ஒருவரின் குரல் கேட்டது.

"உங்க ஜூனியர் எப்படி இருக்கார்? ஓவர்."

என் கணவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அலுவலகக் கடிதம் படிக்கும் தோரணையில் சொன்னார்: "ஜூனியருக்குச் செவ்வாய்க்கிழமை கீழே முதல் பல் முளைச்சிருக்கு. வியாழக்கிழமை குப்புற விழுந்து ஒரு முழம் நகர்ந்தா. வலது பக்கமாத்தான் நகர்றா, இடது பக்கம் வரலை. அது சரியான்னு உங்காத்துல கேட்டுச் சொல்லுங்கோ. ஓவர்."

நான் அப்படியே நின்றேன். பல்லை நான் செவ்வாய்க்கிழமைதான் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன என்று விட்டுவிட்டேன். இடது பக்கம் நகராததைப் பற்றி மூன்று நாளாக யாரிடமும் கேட்கப் பயந்து நானே உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். இவர் அதை மெட்ராஸ் முழுவதற்கும் கேட்கும்படி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

"அது ஒண்ணும் இல்லை சார், எங்க பெரியவளும் ஆறு மாசத்துல..." என்று அந்தப் பக்கம் பதில் ஆரம்பித்தது. அவர் பேசி முடித்து, இவர் மறுபடி மைக்கை அழுத்தி ஏதோ கேட்டார். பாதியிலேயே "சுடறது!" என்று விரலை உதறிக்கொண்டு பெட்டியை அணைத்தார். அவர் கேட்க வந்தது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை, வழக்கம் போல.

அடுத்த சனிக்கிழமை மாலை அந்த அலுமினிய மூடி அகப்பட்டது. அவர் அதில் நான்கு ஓட்டை போட்டு, டிரான்சிஸ்டருக்கு அடியில் முடுக்கிக்கொண்டிருந்தார். சூட்டை மூடி வாங்கிக்கொண்டு காற்றில் விட்டுவிடுமாம்.

"இனிமே பாலை எதால மூடறது?" என்றேன்.

"ஒரு தட்டை வை. நாளைக்குக் காத்தால இது தாங்கலைன்னா மூடியையும் ரூமையும் சேத்து எடுத்துக்கோ."

மறுநாள் காலை, ஐந்தே முக்காலுக்கு, மாமியார் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். மடிப்புடவை வாளியில் பிழிந்து தயாராக இருந்தது. நான் குழந்தையின் ஈரத் துணிகளை அலசி எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் கொடி சுவரோரம் காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய், துவைக்கிற கல்மேல் ஏறி, எக்கி, ஒரே ஒரு துணியை ஏரியல் கம்பியின்மேல் போட்டேன். அரைத்தூக்கம் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். நான் அவ்வளவு விழித்திருந்த காலை வேறு கிடையாது.

மாமியார் தலையைத் துவட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏண்டிம்மா, அதுல போய்ப் போட்டியே!"

"ஐயோ, கொடின்னு நெனச்சுட்டேம்மா."

"கண்ணு எங்கே இருந்தது? ரெண்டு மாசமாப் பொத்திப் பொத்தி வெச்சிண்டிருக்கேன். பி.எஸ்சி. படிச்சவ, கொடிக்கும் ஏரியலுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா?"

"எடுத்துடறேம்மா. அலம்பிவிட்டா..."

"எப்படிடீ அலம்பறது? அதைத்தான் யாரும் தொடப்படாதுன்னு அவன் சொல்லியிருக்கானே!"

தொடக்கூடாத கம்பி என்பதால்தான் அது மடியாக இருந்தது. தொடக்கூடாத கம்பி என்பதால் அதை இனி மடியாக்கவும் முடியாது. மாமியார் பிழிந்த புடவையைச் சமையலறைக்குக் கொண்டு போய் முழக்கொடியில் கொசகொசவென்று போட்டார். அது அடுப்பங்கரையெல்லாம் சொட்டியது. "ஆத்துல ஒரு துணி போட நாதியில்லை" என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் மாமனார் கொல்லைத் தாழ்வாரத்தில் புது மூங்கில் கட்ட ஏற்பாடு செய்தார். அன்று காலை நான் கல்மேல் ஏறி என் துணியை எடுத்தபோது மணி ஆறேகால் இருக்கும்.

ஆறரைக்கு அவர் பேச ஆரம்பித்தார். எட்டு மணிக்கும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு, பெட்டியை அணைக்காமலே கூடத்துக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டிரான்சிஸ்டரின்மேல் வைத்தார். ஜுரம் விட்ட நெற்றி போல லேசான வெதுவெதுப்பு.

"மூடி!" என்றார். "எல்லாம் உன் மூடி!"

எல்லாம் என் மூடி என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

குழந்தைக்கு இப்போது நாலு வயது. தூளி கடைசி வரை கூடத்திலேயே இருந்தது. அந்த மூன்றாவது டிரான்சிஸ்டர் இன்னும் வேலை செய்கிறது. விஷயம் அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. மூடியின் புகழ் பரவிவிட்டது. மெட்ராஸ்காரர் ஒன்று மாட்டினார். அவருக்கு ஏற்கெனவே நன்றாக இருந்தது, இப்போதும் நன்றாக இருக்கிறது, ஆகவே மூடி மகத்தானது. திண்டிவனத்திலிருந்து ஒருவர், மாட்டியும் சூடு குறையவில்லை என்று எழுதினார். "பால் மூடிதானே, குழம்பு மூடி இல்லையே என்று கேட்டு எழுது" என்றார் என் கணவர். வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். திண்டிவனத்துக்காரர் இப்போது இரண்டு மூடி மாட்டியிருக்கிறார். அவர் வீட்டில் காலையில் என்ன நடக்கிறதோ, எனக்கு எப்படித் தெரியும்?

தை மாதம் மெட்ராஸில் இவர்களுடைய சங்கத்தின் கூட்டம் நடக்கிறது. அங்கே மூடியைப் பற்றி என் கணவர் உரையாற்றப் போகிறார். படம் போட்டு, சூட்டைக் குறித்து, பதினொரு பக்கம் எழுதியிருக்கிறார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நல்ல பிரதி எடுக்க என்னிடம் கொடுத்திருக்கிறார். ஏழு பக்கம் எழுதிவிட்டேன். எட்டாம் பக்கத்தில், "இந்தத் தீர்வுக்கு மூலகாரணம் என் மனைவி" என்று ஒரு வரி வருகிறது. அங்கே பேனா நின்றுவிட்டது. நாலு நாளாக நிற்கிறது. மை காய்ந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சொல்லாவிட்டால், கூட்டத்தில் விவரமறிந்த யாராவது எழுந்து, காலையில் மட்டும் ஏன் சார் சூடாயிற்று என்று கேட்பார். என் கணவர் நாலு பேர் முன்னால் முழிப்பார். சொன்னால், ஏழு வாரம் தெரிந்தே சும்மா இருந்தாயா, இரண்டாவது டிரான்சிஸ்டர் உன் கண்ணெதிரிலா எரிந்தது என்று கேட்பார். மாமியாருக்கும் விஷயம் போகும், அன்றைக்குக் கல்மேல் ஏறியது தூக்கத்தில் அல்ல என்று. மாமனாரின் வேஷ்டிக் கவலையும் அப்படியே இருக்கிறது.

இந்தப் பத்திரிகையை எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் படிக்கிறேன். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். நல்ல பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதா, எட்டாம் பக்கத்திலேயே உண்மையை எழுதிவிடுவதா? எழுதுவதென்றால் எந்த வரியில் ஆரம்பிப்பது? மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் சொன்னால் எனக்கு அதிக உபயோகமாக இருக்கும். தை பிறப்பதற்குள் எழுதுங்கள்.